கழித்தல் பக்கம்

கம்பளிக் கிடங்கின் கணக்கு இயந்திரம்
கூட்டித்தான் தேய வேண்டும்.
மூட்டையோடு மூட்டை, எடையோடு எடை,
கைப்பிடி முன்னோக்கியே சுழன்று சுழன்று
பற்களின் ஒரு பக்கம் மழுங்கும்.
மகெல்லன் நீரிணை ஓரம், பூந்தா அரேனாஸில்,
ஸ்வொன்கா மருசிச்சின் மேசையில் இருந்தது
மறுபக்கம் மழுங்கியிருந்தது.
கழித்துக் கழித்துத் தேய்ந்த இயந்திரம்.

அந்த ஆண்டுதான் தெற்குத் தடம் என் பங்குக்கு வந்தது.
எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு
"யாருடைய கடன் இது?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ரசீது ஒன்றின் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.
பென்சிலால் பதினேழு ஒன்றுகள்.
நடுவில் புள்ளி இல்லை, இடைவெளி இல்லை.
ஓர் எண்.

"ஆறு ஒன்று என்றால் சுலபம்,
மும்மூன்றாகக் கட்டிவிடலாம்:
நூற்றுப் பதினொன்று, ஆயிரத்தொரு தடவை.
பதினைந்துக்கும் கயிறு உண்டு.
பதினேழை எப்படிக் கட்டுவாய்?
கட்ட முடியாதது உடையவும் உடையாது
என்றுதான் நினைத்தேன்."

குளிர்காலத்தில் அங்கே நாலரைக்கே இருட்டு.
கணக்கு முடிந்த பிறகு அவள் கதவு தட்டப் போனாள்.
எல்லாக் கதவும் அல்ல.
முப்பத்துநான்கின் மடங்கோடு ஒன்று கூடிய
வீட்டில்தான் இதை உடைப்பவன் குடியிருக்க முடியும்;
அது எப்படி என்று இருமுறை சொன்னாள்,
இருமுறையும் தலையாட்டினேன்.
நூற்று மூன்று. நூற்று முப்பத்தேழு. இருநூற்று முப்பத்தொன்பது.
பதின்மூன்று இலக்கமே கொள்ளும் பெட்டி,
எண்ணைத் துண்டு துண்டாக ஊட்ட வேண்டும்.
அளவு மீறிக் கழித்தால் மணி அடிக்கும்.
ஒரு சுற்று பின்வாங்கு. மிச்சம் பார்.
மிச்சம் இருந்தது.
மூன்று குளிர்காலம்
மிச்சம் இருந்துகொண்டே இருந்தது.

அறுபதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் கதவில்
இல்லை.

2071723.

"என்ன செய்தாய்?"
"விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.
காலையில் பெருக்கிப் பார்த்தேன்."
அதன் ஜோடி 5363222357.
இரண்டும் கோணல்மாணலான ஆட்கள்.
ஒருவர் முகத்திலும் மற்றவர் சாயல் இல்லை.
பெருக்கினால்
வேலிக்கால் நட்டதுபோல்
ஒன்று ஒன்று ஒன்று.

அடுத்த ரசீதில் பத்தொன்பது ஒன்றுகள்.
முதல் கதவு நூற்றுத் தொண்ணூற்றொன்று.
கடைசிக் கதவு நூற்றைந்து கோடிக்கு அருகே எங்கோ.
வழியில் இரண்டே முக்கால் கோடி வாசல்.
நாளுக்கு நூறு தட்டினாலும்
எழுநூற்றைம்பது ஆண்டு தாண்டும்.
அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது.
அதையும் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தாள்,
அடிக்கோடு போடாமல்.

சாந்தியாகோவில், பல்கலைக்கழகத்தில்
தட்டச்சு இயந்திரம் பழுது பார்க்கப் போனபோது
மின்கணினி அறைப் பையன் ஒருவனிடம்
பத்தொன்பது ஒன்றுகளைக் கொடுத்தேன்,
ஒரு பாட்டில் மதுவுக்கு.
ஓரிரவில் பதில் வந்தது.
உடையாது.

மறுவருடம் அந்தத் தாளைக் கொண்டுபோனேன்.
கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தாள்.
நான் நினைத்தது: அழுவாள். அல்லது நன்றி சொல்வாள்.

"உடையும் என்றிருந்தால்
இரண்டு எண் கொடுத்திருப்பார்கள்.
நானே பெருக்கிப் பார்த்திருப்பேன்.
உடையாது என்கிறார்கள்.
இதில் நான் எதைப் பெருக்குவது?"

எனக்குத் தெரியவில்லை.
காற்று தகரக் கூரையைப் பிராண்டிக்கொண்டிருந்தது.
மழுங்கிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதை மாட்டினேன்.
முதல் சுற்றில் கொஞ்சம் முரண்டு பிடித்தது.
பில்லில், எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஒன்று என்று போட்டேன்.

கையெழுத்துப் போட்டாள்.
நான் படியிறங்கும்வரைகூடப் பொறுக்கவில்லை,
மணி அடித்தது.